நான் காய்ச்சிய பேல் ஏல்

ஜனவரி 10, 1998, சனி. ரிச்சர்ட்சன்

காலையில் துணி மடித்தேன். மதியம் இவருடைய ஆபீஸ் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். வீட்டில் படிக்காமல் மிச்சமிருந்த ஒரே புத்தகத்தையும் இன்று படித்து முடித்தாயிற்று. புத்தகம் என்ன புத்தகம், முப்பது பக்கம். வீட்டிலேயே பியர் காய்ச்சுவது எப்படி என்று. இவர் ஆபீஸிலிருந்து டென்வருக்கு வேலை மாறிப் போன ஒருவன் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி, குழாய், பாட்டிலுக்கு மூடி அடிக்கிற கருவி எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஆறு மாதமாக டவல் அலமாரியில் கிடக்கிறது.

நான் அமெரிக்கா வந்து பதினைந்து மாதம். ஹெச்-4 விசா, வேலைக்குப் போகக் கூடாது. கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி, வகுப்பில் முதல். இங்கே "வீட்ல என்னம்மா பண்றே?" என்று கேட்கிற ஒவ்வொரு ஆன்ட்டியிடமும் சிரித்து வைக்கிறேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

புத்தகத்தில் ஒரு விஷயம் பிடித்தது. முதல் தடவை செய்கிறவர்கள் பேல் ஏல் என்கிற வகையைச் செய்யுங்கள், அதில் ஒரே ரக ஹாப் மட்டும் போடுங்கள் என்கிறான். ஹாப் என்பது ஒரு கொடியின் பூ. பியரின் கசப்பும் வாசனையும் அதிலிருந்துதான் வருகிறது. மற்றபடி எல்லாம் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டின் வேலை. ஈஸ்ட்டை நான் இரண்டு வருடம் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "நீயா? உனக்குக் குடிக்கவே தெரியாதே கலா" என்றார்.

குடிக்கிறதுக்கா படிச்சேன்?

ஜனவரி 11, ஞாயிறு

சாமான் வாங்கப் போனேன், கார் ஓட்டிக்கொண்டு இவர் வந்தார். பியர் சாமான் விற்கிற கடை, முதலாளி பெயர் டேல், நல்ல உயரம், தாடி. கேள்வி எல்லாம் நான் கேட்டேன். பதில் எல்லாம் இவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இவரும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

மால்ட் சாறு, அதாவது முளைகட்டின பார்லியின் சாறு, ஒரு டப்பா வாங்கினேன், ஈஸ்ட் ஒரு பொட்டலம், ஹாப் இரண்டு அவுன்ஸ். ஹாப்பின் பெயர் காஸ்கேட். பூவை அரைத்து அழுத்தி, மாட்டுத் தீவனக் குச்சி மாதிரிப் பச்சையாக வைத்திருக்கிறார்கள். பையைத் திறந்தால் பம்ப்ளிமாஸ் தோலை நகத்தால் கீறின வாசனை. கார் முழுக்க அதுதான்.

ஜனவரி 17, சனி

காய்ச்சிவிட்டேன். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குச் சாம்பார் வைக்க வாங்கிய பெரிய பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தேன், பெருங்காய வாசனை போகிறவரை. தண்ணீரில் மால்ட் சாற்றைக் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். சாறு பார்க்க வெல்லப்பாகு போலவே இருக்கிறது. ஹாப்பைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு கிளம்பியது பாருங்கள். பால் பொங்குகிறதைப் பார்த்தே வளர்ந்தவள் நான், கரண்டியும் கையுமாக நின்று அடக்கிவிட்டேன். ஹாலில் உட்கார்ந்துகொண்டு இவர், "பொங்கலோ பொங்கல்" என்கிறார். வந்து கரண்டியைப் பிடிக்கத் தோன்றவில்லை.

ஆறவைத்து வாளியில் ஊற்றி ஈஸ்ட் தூவினேன். வெளியே நடுக்குகிற குளிர். இந்தக் குளிரில் இட்லி மாவே புளிக்காது, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தால்தான் பொங்கும். வாளி ஓவனுக்குள் போகாது. அதனால் வாட்டர் ஹீட்டர் இருக்கிற அறைக்குள் வைத்துக் கம்பளி போர்த்தினேன். முப்பது டிகிரியில் ஈஸ்ட் நன்றாக வளரும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள் நான். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜனவரி 19, திங்கள்

இரண்டே நாளில் பொங்கி அடங்கிவிட்டது. புத்தகத்தில் ஐந்து நாள் ஆகும் என்கிறான். நம் கைராசி அப்படி.

பிப்ரவரி 14, சனி

பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் ஆயிற்று. இன்று திறந்தோம். என் ஆயுசில் முதல் வாய் பியர், அதுவும் நானே செய்தது.

நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணீரில் அழுகின பூவன் பழத்தைப் பிசைந்த மாதிரி இருந்தது. பம்ப்ளிமாஸ் வாசனை போன இடம் தெரியவில்லை.

"பரவால்ல கலா, குடிக்கலாம்" என்றார். நான் உள்ளே போனதும் சிங்க்கில் கொட்டுகிற சத்தம் கேட்டது. பேசாமல் நன்றாக இல்லை என்றே சொல்லியிருக்கலாம். இந்தப் 'பரவால்ல'தான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மானத்தை விட்டு டேலுக்கு ஃபோன் போட்டேன். எவ்வளவு சூட்டில் வைத்தாய் என்று கேட்டான். தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஹீட்டர் அறைக்குள் போனேன். எண்பத்தெட்டு ஃபாரன்ஹீட், நம் கணக்கில் முப்பத்தொன்று. சொன்னேன். எவ்வளவு என்று மறுபடி கேட்டான். பிறகு, "அறுபத்தைந்து. எழுபதைத் தாண்டக் கூடாது" என்றான். ஏன் அங்கே வைத்தாய் என்றும் கேட்டான். இட்லி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இட்லி என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முட்டாள். ஈஸ்ட் நன்றாக வளருகிற சூடு வேறு, நன்றாக ருசிக்கிற சூடு வேறு. நான் அதற்குச் சுகம் பண்ணி வைத்தேன், அது கண்டதையும் கக்கி வைத்திருக்கிறது. வகுப்பில் முதலாம். யாரிடமும் சொல்லிவிடாதே கலாவதி.

நாற்பத்தேழு பாட்டிலையும் கொட்டினேன். கொட்டும்போது அழவில்லை. கழுவும்போது கொஞ்சம்.

பிப்ரவரி 21, சனி

இரண்டாவது தடவை. அதே மால்ட், அதே ஈஸ்ட், அதே காஸ்கேட், அதே நேரக்கணக்கு. வேறு ஹாப் ஒன்றையும் சேர்த்துப் பார் என்று டேல் சொன்னான். மாட்டேன் என்றேன். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன். இந்தத் தடவை சூடு மட்டும்.

விருந்தாளி பாத்ரூம் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் வாளியை இறக்கி, ஈரத்துணி சுற்றி, ஃபேன் வைத்திருக்கிறேன். அறுபத்தாறு காட்டுகிறது.

"என் டி-ஷர்ட்தான் கிடைச்சுதா?" என்றார்.

"காட்டன் அது ஒண்ணுதாங்க இருந்துச்சு" என்றேன். உண்மைதான். அது எனக்குப் பிடிக்காத டி-ஷர்ட் என்பதும் உண்மைதான்.

மார்ச் 21, சனி

எழுதக் கை ஓடவில்லை.

ஊற்றினால் தேன் நிறம். மேலே வெள்ளை நுரை, இரண்டு விரல் உயரம், உடனே அடங்காமல் நிற்கிறது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் பம்ப்ளிமாஸ். அன்றைக்குக் கார் முழுக்க அடித்ததே, அதே வாசனை. வாயில் முதலில் லேசான இனிப்பு, பிறகு கசப்பு, அந்தக் கசப்பும் சுண்டைக்காய் மாதிரிப் பிடித்துக்கொள்ளாமல் மரியாதையாகப் போய்விடுகிறது. எனக்கு இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. வேண்டியதும் இல்லை. சமைக்கிறவளுக்கு உப்புப் பார்த்தால் போதும்.

இவர் ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டிலை முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். 'பரவால்ல' என்று சொல்லவே இல்லை.

நான் செய்தேன். இந்த ஊரில் நான் செய்த முதல் காரியம். எழுதி வைத்துக்கொள்கிறேன்: நான் செய்தேன்.

மார்ச் 27, வெள்ளி

ஆபீஸில் பாட்லக், ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும் என்று பன்னிரண்டு பாட்டில் கொண்டுபோனார். காலிப் பெட்டியோடு வந்தார். எல்லாருக்கும் பிடித்ததாம், மானேஜர் இரண்டு குடித்தாராம்.

"யார் செஞ்சதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க" என்று குளிக்கப் போய்விட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

ஜெயகுமாரி வீட்டில் சாப்பாடு. பக்கத்து பில்டிங், நாகர்கோவில்காரி, இங்கே எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. அவள் கணவர் தாமஸும் இவரும் ஒரே டீம்.

தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது தாமஸ் இவர் முதுகில் தட்டி, "கோபால், இவ்வளவு பெரிய ப்ரூவரா நீ? ஆறு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே. ஆபீஸே உன் பியரைப் பத்தித்தான் பேசுது" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் வடையைப் பார்த்தார். சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

காரில் கேட்டேன். "உன் பேரச் சொன்னா நம்ம ஆளுங்க என்ன பேசுவாங்கன்னு தெரியாதா? கோபால் பொண்டாட்டி சாராயம் காய்ச்சறான்னு ஊருக்கு ஃபோன் போகும். உங்கப்பா காதுக்குப் போனா?"

"எங்கப்பாவுக்காகவா? கைதட்டல் உங்களுக்கு நல்லா இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

ரேடியோவைப் போட்டார். பிள்ளைக்குத்தான் அப்பா இனிஷியல். பியருக்குமா?

ஏப்ரல் 3, வெள்ளி

ஐந்து நாளாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறேன்.

ஏப்ரல் 11, சனி

பேசினேன். பேசாமல் இருக்க முடியாத காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறார்.

டேல் கடையில் வருஷா வருஷம் பியர் போட்டி நடத்துகிறார்கள். மே ஒன்பதாம் தேதி. தாமஸ்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். டேல் இல்லாத நேரம் கடைப் பையனிடம் இவர் மூன்று பாட்டிலைக் கொடுத்து, படிவத்தைப் பூர்த்தி செய்து, நகலைக் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார். காய்ச்சியவர் பெயர்: கோபாலசாமி.

"தாமஸ் பக்கத்துலயே நின்னான் கலா. அவன்கிட்ட ஆமான்னு தலையாட்டிட்டேன். இப்ப எப்படி மாத்தறது?"

"வாயால மாத்தறது."

"ஜெயிச்சா பரிசு உனக்குத்தான்" என்றார். நான் என்ன பரிசுக்கா கிடந்து அலைகிறேன்? இன்றுதான் கடைசி நாள், கடையும் மூடியாயிற்று, என் பெயரில் தனியாகக் கொடுக்கவும் வழியில்லை.

அவர் குளிக்கப் போனதும் நகலை முழுசாகப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி. முதல் தடவை கலந்துகொண்டு இடம் பிடிப்பவர்கள், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருப்பவர்கள் முன்னால் எழுந்து நின்று, எப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும். கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இவர் இதைப் படிக்கவில்லை. மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

தோற்றால் அது நான் செய்தது என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. ஜெயித்தால் இவர் எழுந்து நிற்க வேண்டும். சென்னிமலை முருகா, ஜெயிக்கணும்.

மே 7, வியாழன்

மனசு கேட்கவில்லை. தாமஸ், மானேஜர், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வருகிறார்களாம். அவர்கள் முன்னால் வேர்த்து வழிந்துகொண்டு நிற்பார். என்ன இருந்தாலும் என் புருஷன். நகலை எடுத்துக் காட்டினேன்.

அந்த விதியை இரண்டு தடவை படித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம் — உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன் கலா என்று. என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு. கொதி வந்ததும் ஒரு அவுன்ஸ், கடைசிப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது அரை அவுன்ஸ், அடுப்பை அணைக்கும்போது அரை அவுன்ஸ். முதலில் போட்டது கசப்புக்கு, கடைசியில் போட்டது வாசனைக்கு. ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக்கொண்டு நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். எவ்வளவு, எப்போது, எத்தனை டிகிரி — எல்லாம் கேட்டார். ஏன் என்று மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 10, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

கடைக்குப் பின்னால் பெரிய கூடம், ஐம்பது அறுபது பேர். நானும் ஜெயகுமாரியும் கடைசி வரிசை. புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன், அதுவும் பச்சைப் பட்டு. ஏன் என்று கேட்டால் தெரியாது. பேல் ஏல் வகையில் மட்டும் முப்பத்தொரு பேர். மூன்றாம் இடம் யாரோ. இரண்டாம் இடம் என்று சொல்லி டேல் தொண்டையைச் செருமினான். 'கோபாலசாமி' என்பதை அவன் நான்கு துண்டாக உடைத்துச் சொன்னான்.

கைதட்டினார்கள். தாமஸ் விசிலே அடித்தார். முப்பத்தொரு பேரில் இரண்டாவது, என் இரண்டாவது வாளியில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, ஆனால் ஒரு முகம்கூட என் பக்கம் திரும்பவில்லை.

இவர் முன்னால் போய் நின்றார். மஞ்சள் சீட்டைப் பார்க்காமலே ஒப்பித்தார். ஒரு அவுன்ஸ், அரை அவுன்ஸ், அறுபத்தாறு டிகிரி. ஸ்கூல் பையன் திருக்குறள் ஒப்பிக்கிற மாதிரி ஒரு எழுத்துப் பிசகவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள். சரி, தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன். நானே அல்லவா தப்பிக்க வைத்தேன்?

நடுவர்களில் ஒரு வெள்ளைத்தலை அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கே எல்லாரும் மூன்று ஹாப், நான்கு ஹாப் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்கள்?

சீட்டில் அது இல்லை.

இவர் சீட்டைப் பார்த்தார். தாமஸைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. என் வாயில் சிப்ஸ் இருந்தது, அதை மெல்லவும் இல்லை. ஜெயகுமாரி என் தொடையைக் கிள்ளி, "சொல்லுடி, பாவம்லா" என்றாள். சொல்ல மாட்டேன். இந்த ஒன்றை நான் சொல்லிக் கொடுக்க மாட்டேன்.

இவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "எனக்குத் தெரியாது. இதை நான் செய்யவில்லை. ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. மார்ச்சிலிருந்து எல்லாரிடமும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். செய்தது என் மனைவி. அதோ, பச்சைப் புடவை. கலாவதி. அவளைக் கேளுங்கள்."

கூடமே திரும்பியது. தாமஸ் திறந்த வாயை மூடவில்லை. சிப்ஸை விழுங்கிவிட்டு எழுந்து நின்றேன்.

"இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் எது யார் சொன்னது என்று தெரியாது. ஒருவர் மட்டும் பேசினால் நல்லதோ கெட்டதோ, யாருடையது என்று தெரியும். புதிதாகக் கற்கிறவளுக்கு அது தெரிய வேண்டும். அதனால் ஒரே ஹாப்" என்றேன்.

ஹாப்பைப் பற்றித்தான் சொன்னேன். இவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மாள்தான் முதலில் கைதட்டினார். போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒரே வீட்டு வாளிதானே, பெயரைத் திருத்தினால் போதும் என்றார்கள். டேல் சான்றிதழில் இவர் பெயரை அடித்துவிட்டுப் பேனாவோடு என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்த்து, "ஸ்பெல்லிங்?" என்றான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவசரமே படவில்லை.

திரும்பும்போது சான்றிதழை என் மடியில் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். பிறகு, "கோவமா?" என்றார்.

"பாதி இருக்குதுங்க."

"மீதி?"

மீதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவில்லை. இவர் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது என்பதையும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மே 24, ஞாயிறு

சங்கத்திலிருந்து நாகமணி ஆன்ட்டி ஃபோன். "ஏம்மா கலா, நீ ஏதோ சாராயம் காய்ச்சறேன்னு சொல்லிக்கிறாங்களே, நெசமா?"

"பியருங்க ஆன்ட்டி. முப்பத்தொரு பேர்ல ரெண்டாவது."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று ஆரம்பித்து, அங்கிளுக்கு இரண்டு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

ஜூலை 11, சனி

டேல் கடையில் முதல் வகுப்பு எடுத்தேன். ஆரம்பப் பாடம், ஒரே ஹாப் பேல் ஏல். சம்பளம் தருகிறேன் என்றான். விசா இடிக்கும், வேண்டாம் என்றேன். ஒன்பது பேர் வந்தார்கள், எட்டு ஆண், ஒரு பெண். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். சூட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, சனி

ஏழாவது வாளி. இன்னும் காஸ்கேட்தான். அடுத்ததில் வேறு ரகம் எடுக்கலாம், இதை இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

இவர் தானாக அடுப்படிக்கு வந்து, "நடுவுல போடற ஹாப்ப நான் போடட்டுமா?" என்றார். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன். அரை அவுன்ஸைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப" என்றேன். போட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தாமஸ் ஃபோன். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவர் ஹாலில் பேசுவது கேட்டது. "என்ன பண்றேனா? கலா பியர் போட்டுட்டிருக்கா. நானா? நான் அவ சொன்னப்ப ஹாப் போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது."

நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அடுப்பை அணைத்தேன்.